பின்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது? பணியிடத்தைத் தீ விபத்துக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி

"ஃபயர் சேஃப்டி எல்லாம் இனிமே நீ பார்த்துக்கப்பா" என்று முதலாளியோ மேனேஜரோ ஒரு நாள் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கடலூர்ப் பக்கத்துச் சிறிய பணியிடங்களில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் இப்படித்தான் ஒருவர் தலையில் வந்து இறங்குகிறது. அவர் மஞ்சக்குப்பத்துத் துணிக்கடை சூப்பர்வைசராக இருக்கலாம். பண்ருட்டி முந்திரிக் கம்பெனியின் கணக்குப்பிள்ளையாக, ஃபைபர் படகுப் பட்டறையின் மேஸ்திரியாக, கிளினிக் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணாகவும் இருக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் அவர்களுக்காக எழுதுகிறேன். தனிப் படிப்பு எதுவும் வேண்டாம். ஒரு வாரம், தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அடிப்படை வேலை முடிந்துவிடும்.

நான் பிற்பாடு சிப்காட் ஆலை ஒன்றில் பாதுகாப்புப் பிரிவில் பல வருடம் இருந்தேன். ஆனால் முதல் பாடம் அதற்கு முன்பே, முதுநகர்ப் பக்கம் ஒரு வலைக் குடோனில் வேலை பார்த்தபோது கிடைத்தது. ஒரு மாலை வாசலருகே சுவிட்ச் போர்டு புகைந்து, பக்கத்தில் அடுக்கியிருந்த நைலான் வலை பற்றிக்கொண்டது. நைலான் உருகிச் சொட்டும், சொட்டிய இடத்திலெல்லாம் எரியும். புகை கண்ணைத் திறக்க விடாது. உள்ளே ஆறு பேர் இருந்தோம். பின்பக்கம் ஒரு கதவு இருந்தது, பூட்டிக் கிடந்தது. "சாவி எங்கண்ணே?" என்று கத்தினேன். "முதலாளி வீட்ல இருக்குது தம்பி" என்றார் வாட்ச்மேன். மூலையில் கிடந்த கடப்பாரையால் பூட்டை உடைத்து வெளியே வந்தோம். யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. ஆனால் அந்தக் கடப்பாரை அன்றைக்கு அங்கே கிடந்தது தற்செயல். முந்தின நாள் கொத்தனார் மறந்து வைத்துவிட்டுப் போனது. சுவரில் புத்தம்புதுத் தீயணைப்பானும் மாட்டியிருந்தது. அதற்கு முன்னால் ஆளுயரத்துக்கு மூட்டை.

அதனால் யார் கேட்டாலும் நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஆட்கள் வெளியேறும் வழி. அடுத்து, தீ பிடித்த செய்தி உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் போய்ச் சேரும் வழி. அதற்கப்புறம்தான் தீயணைப்பான். பல இடங்களில் தீயணைப்பானை வாங்கி மாட்டி, பில்லை ஃபைலில் வைத்ததோடு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள்.

முதல் நாள்: நடந்து பாருங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் ஒரு தடவை நடங்கள். இருட்டிய பிறகு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இன்னொரு தடவை நடங்கள். இரண்டும் வேறு வேறு கட்டிடங்கள் போல இருக்கும்.

வாசலிலிருந்து மிகத் தூரத்தில் யார் உட்கார்ந்து வேலை செய்கிறார்களோ, அவர் இடத்தில் போய் நில்லுங்கள். பரணில் இருக்கும் தையல் மிஷினாக இருக்கலாம், பின்கட்டு ஸ்டோர் ரூமாக இருக்கலாம். அங்கிருந்து தெருவரைக்கும் நடந்து, வழியில் காலில் தட்டுவதையெல்லாம் எழுதுங்கள். மாடிப்படிக்கட்டில் அட்டைப்பெட்டி, நடைபாதையில் சைக்கிள், கதவோரம் தண்ணீர் கேன், வாசலை அடைத்து நிற்கும் பைக். இவற்றை அன்றைக்கே அகற்றச் சொல்லுங்கள். "நாளைக்கு எடுத்துடறோம் சார்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, அதே இடத்திலிருந்து எதிர்ப்பக்கமாக வெளியேற முடிகிறதா என்று பாருங்கள். தீ முன்வாசலில் பிடித்தால் போக இன்னொரு வழி வேண்டும். பின்கதவு இருந்தால் அது உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும். திருட்டுப் பயம் இருக்கிறது என்பார்கள், நியாயம்தான். அதற்கு உள்பக்கத் தாழ்ப்பாள் போதும், பூட்டு வேண்டாம். ஆட்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் எந்த வெளியேறும் வழியிலும் பூட்டு தொங்கக்கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது நல்லது. பத்துப் பேர் பதறிக்கொண்டு ஓடிவந்து முட்டினால், உள்பக்கமாகத் திறக்கும் கதவை இழுக்கவே முடியாது. மோட்டார் ஷட்டர் உள்ள கடைகள் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: மெயினை அணைத்துவிட்டு ஷட்டரைக் கையால் தூக்க முடிகிறதா? சங்கிலியோ கைப்பிடியோ எங்கே இருக்கிறது என்று கடையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைவிட முக்கியமான கேள்வி, ராத்திரியில் உள்ளே யாராவது தூங்குகிறார்களா என்பது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் குடோனிலேயே தங்குவது நம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. அவர்கள் தூங்கும்போது ஷட்டரை வெளியே பூட்டிக்கொண்டு சாவியை வீட்டுக்கு எடுத்துப்போகும் வழக்கம் உங்கள் இடத்தில் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு இன்று ராத்திரிக்குள் அதை நிறுத்துங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 28 மனநோயாளிகள் இறந்தது, தீ பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டு எழுந்து ஓட முடியாமல் கிடந்ததால். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைப் பறித்துக்கொண்டது. நம் ஊர்க் கடைகளின் மொட்டை மாடியில் வெயிலுக்காகப் போட்ட கீற்றுக் கொட்டகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைகள் ஞாபகம்தான் வருகிறது. அதன் கீழே சமையலோ வெல்டிங்கோ நடக்கிறதென்றால் கொட்டகையைப் பிரித்துவிட்டுத் தகரம் போடச் சொல்லுங்கள்.

நடந்து முடித்ததும் ஒரு முழுத்தாளில் படம் வரையுங்கள். கதவு, படிக்கட்டு, மெயின் சுவிட்ச், கேஸ் சிலிண்டர், தீயணைப்பான். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள்: எது எரியும், எது பற்றவைக்கும்

இந்த நாளுக்கு நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு. பொதுவான பட்டியல் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால் உங்கள் இடத்தின் ஆபத்து அதில் இருக்காது.

கடற்கரையோர ஃபைபர் படகுப் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். படகு வார்க்கும் திரவப் பிசினான ரெசினே எளிதில் பற்றும். கழுவப் பயன்படும் அசிட்டோன் அதைவிட மோசம், அதன் ஆவி தரையோடு படர்ந்து தூரத்தில் இருக்கும் பீடி நெருப்பைக்கூடத் தேடிப் பிடிக்கும். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்டை ஊற்ற வேண்டும். இரண்டு கேன்களையும் ஒரே அலமாரியில் வைக்கவே கூடாது, இரண்டுக்கும் ஒரே அளவுக் கிண்ணத்தைப் பயன்படுத்தவும் கூடாது. மேஸ்திரிக்கு இது தெரியும். புதிதாக வந்த கையாளுக்குத் தெரியாது, அவன்தான் கேனை எடுத்துவரப் போகிறவன். வேலை முடிந்து பக்கெட்டில் மிஞ்சிய ரெசின் இறுகும்போது கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். அதைக் குப்பையோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் ராத்திரி குப்பை எரியும். மண்ணில் பரப்பி ஆறவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள்.

முந்திரிக் கம்பெனியில் கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய்தான் எமன். வறுக்கும்போதும் அடுப்பில் ஓட்டைப் போட்டு எரிக்கும்போதும் அது தரையில், சுவரில், சாக்கில், புகைபோக்கிக்குள் எல்லாம் படிந்துகொண்டே போகும். ஒருநாள் பொறி ஒன்று அங்கே விழுந்தால் கறுப்புப் புகையோடு எரியும். எண்ணெய் படிந்த சாக்குகளை அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள், ஓட்டுக் குவியலுக்கும் அடுப்புக்கும் இடையே வெறுந்தரை இருக்கட்டும், புகைபோக்கியை முறைவைத்துச் சுத்தம் செய்யுங்கள். மாதம் ஒருமுறை தரையைச் சுரண்டினாலே ஆபத்து பாதியாகக் குறையும் என்பது என் அனுபவம்.

துணிக்கடை, வலைக் குடோன், பேப்பர் ஸ்டோர் போன்ற இடங்களில் சரக்கே விறகு. 2017 மே 31 அன்று சென்னை தி.நகரில் பல மாடி ஜவுளிக்கடைக் கட்டிடம் தீப்பிடித்து ஒரு நாளுக்கு மேல் எரிந்ததும், கடைசியில் கட்டிடத்தையே இடிக்க வேண்டியதானதும் பலருக்கு நினைவிருக்கும். அதிகாலையில் பிடித்ததால் கடையில் கூட்டமில்லை. சரக்கை சுவிட்ச் போர்டிலிருந்தும் விளக்கிலிருந்தும் தள்ளி வையுங்கள். அடுக்கு கூரையைத் தொடக்கூடாது.

கேஸ் உள்ள இடங்களில், அதாவது ஹோட்டல், டீக்கடை, ஆலை கேண்டீன் எல்லாவற்றிலும், ஒன்றை மனதில் பதியவைத்துக்கொள்ளுங்கள்: எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும், பள்ளத்திலும் சாக்கடையிலும் இறங்கும். மேலே ஜன்னல் திறந்திருப்பதால் மட்டும் போய்விடாது. அதனால் சிலிண்டரை அண்டர்கிரவுண்டில் வைக்காதீர்கள், எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள், ரப்பர் குழாயில் வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். கசிவைச் சோதிக்க சோப்பு நுரைதான், தீக்குச்சி கூடவே கூடாது. வாடை வந்தால் சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, வெளியே வந்து 1906 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டியது உப்புக்காற்று. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருக்கும் கட்டிடங்களில் ஒயர் முனைகள் பச்சை பூத்துப்போகும், திருகுகள் துருவேறித் தளரும், தளர்ந்த இணைப்பு சூடேறும். போர்டின் மூடி தொட்டால் சுடுகிறது, கருகல் வாடை வருகிறது, விளக்கு மினுக்குகிறது என்றால் எலக்ட்ரீஷியனை உடனே கூப்பிடுங்கள். எம்.சி.பி., அதாவது மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்ச், அடிக்கடி விழுகிறதே என்று பெரிய எம்.சி.பி. மாட்டும் பழக்கம் மிக ஆபத்தானது. அது விழுவது உங்கள் ஒயரைக் காப்பாற்றத்தான். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஃப்ரிட்ஜ், ஹீட்டர், சார்ஜர் எல்லாம் சொருகியிருந்தால் பிரித்துப் போடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் காற்றோட்டம் வேண்டும். எலக்ட்ரிக் ஸ்கூட்டரை வாசலிலோ படிக்கட்டின் கீழோ சார்ஜ் போட விடாதீர்கள், அது பற்றினால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும்.

இன்னொன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். சாமி விளக்கு. மரத்தட்டில் சாமி படம், அதன் முன் எரியும் விளக்கு, காற்றில் ஆடும் காகிதப் பூமாலை, அப்படியே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவது. வெள்ளிக்கிழமை கற்பூரத் தட்டும் சாம்பிராணிக் கங்கும் அப்படித்தான். பூஜையை யாரும் விட வேண்டாம். விளக்கு மலையேறும்வரை ஒருவர் கடையில் இருக்க வேண்டும், அல்லது பித்தளைத் தட்டில் மணல் பரப்பி அதன்மேல் விளக்கை வைக்க வேண்டும். ஒரு கடை முதலாளியம்மாவிடம் நான் இதைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க மாமியார் சொல்லுவாங்க, வெளக்கத் தனியா விட்டுட்டுப் போவக்கூடாதுன்னு" என்றார்.

மூன்றாம் நாள்: தீயணைப்பான்

எல்லாத் தீக்கும் ஒரே மருந்து கிடையாது. கட்டை, துணி, காகிதம் போன்றவை ஏ வகை, தண்ணீர் போதும். பெட்ரோல், தின்னர், ரெசின் போன்ற திரவங்கள் பி வகை. எரிவாயு சி வகை. கொதிக்கும் சமையல் எண்ணெய் எஃப் வகை. சாதாரணக் கடைக்கும் பட்டறைக்கும் ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் பொதுவாகப் பொருந்தும். கம்ப்யூட்டர், மின்பலகை உள்ள இடத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு நல்லது, பவுடரைப் போல எந்திரத்தைக் கெடுக்காது. வாங்கும்போது ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா பாருங்கள்.

எந்த இடத்தில் நின்றாலும் 15 மீட்டருக்குள் ஒன்று கிடைக்க வேண்டும். வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் மாட்டுவதுதான் சரி. அப்போது அதை எடுக்கப் போகிறவர் வாசலை நோக்கித்தான் ஓடுவார், அணைக்க முடியாவிட்டால் அப்படியே வெளியேறலாம். அடுப்புக்கு மேலேயோ மெயின் போர்டுக்குக் கீழேயோ மாட்டினால், தேவைப்படும் நேரத்தில் கை எட்டாது.

பயன்படுத்துவது நான்கு அசைவு. கைப்பிடியில் செருகியிருக்கும் பின்னை இழு. குழாயைத் தீயின் அடியை நோக்கிப் பிடி. கைப்பிடியை அழுத்து. பக்கவாட்டில் வீசி அடி. ஜுவாலையின் மேல் அடித்தால் வீண், எரியும் பொருளின் மேல் அடிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வாசல் இருக்கும்படி நில்லுங்கள். சில விநாடிகளில் காலியாகிவிடும் என்பதால் பதறி முன்கூட்டியே அழுத்தி வீணாக்கக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானின் கூம்பைப் பிடிக்காதீர்கள், தோல் உறைந்து புண்ணாகும். சின்ன அறைக்குள் அடித்துவிட்டு அங்கேயே நிற்கவும் கூடாது, மூச்சு முட்டும்.

எப்போது அணைக்கப் போகக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். தீ ஒரு குப்பைக்கூடை அளவைத் தாண்டிவிட்டால், புகை கூரையிலிருந்து முகத்தளவுக்கு இறங்கிவிட்டால், என்ன எரிகிறது என்று தெரியாவிட்டால், ஒரு தீயணைப்பான் காலியாகியும் அடங்காவிட்டால், கதவைச் சாத்திவிட்டு வெளியேற வேண்டும். சாத்திய கதவு புகையையும் காற்றையும் தடுத்து மற்றவர்களுக்கு நேரம் வாங்கித் தரும். கேஸ் எரியும்போது வால்வை மூட முடிந்தால்தான் அணைக்கலாம். சுடரை மட்டும் அணைத்துவிட்டுக் கசிவை விட்டுவைத்தால் அடுத்தது வெடிப்பு.

பஜ்ஜிச் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 லிட்டராக விரியும், எரியும் எண்ணெயை அப்படியே தூக்கிக் கூரையில் அடிக்கும். அடுப்பை அணைத்து, பெரிய தட்டால் ஓரத்திலிருந்து நகர்த்தி மூடுங்கள். மூடியதைத் திறந்து பார்க்காதீர்கள், ஆறும்வரை விடுங்கள். சட்டிக்கேற்ற அகலமான தட்டு ஒன்று அடுப்புக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும்.

பராமரிப்புக்கு மாதம் ஐந்து நிமிடம் போதும். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கிறதா, பின்னும் சீலும் இருக்கின்றனவா, குழாயில் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா, அடிப்பாகம் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கடற்காற்றில் அடிப்பாகம்தான் முதலில் அரிக்கும், வெளியே தெரியாது, கழற்றிக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு வகைக்கு முள் கிடையாது, எடை போட்டுத்தான் அளவு தெரியும்.

நான்காம் நாள்: சத்தமும் பெயர்களும்

தீயைப் பார்த்தவர் என்ன செய்வார்? பெரும்பாலும் சூப்பர்வைசரைத் தேடி ஓடுவார். அதில் போகும் நேரம் உயிர். யார் பார்த்தாலும் உடனே மணியை அடிக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம், தப்பாக அடித்தாலும் திட்டு விழாது என்று முதலாளி வாயாலேயே எல்லோர் முன்னும் சொல்ல வைத்துவிடுங்கள். சின்ன இடத்துக்கு ஒரு பித்தளை மணி போதும். மிஷின் இரைச்சல் உள்ள இடத்துக்கு பேட்டரியில் ஓடும் சைரன் வேண்டும், மின்சாரத்தை நம்பியிருக்கும் சைரன் மெயினை அணைத்ததும் ஊமையாகிவிடும். மதியச் சங்குக்கும் இதற்கும் சத்தம் வேறாக இருக்கட்டும்.

வெளிமாநிலத்தவர் இருந்தால், "தீ" என்று கத்துவது அவர்களுக்குப் புரியாது. இந்திக்காரர்களுக்கு "ஆக்" என்றால் புரியும். ஒடியாவோ வங்காளியோ பேசுபவர்கள் இருந்தால் அவர்களிடமே கேட்டு, அந்தச் சொல்லை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். அறிவிப்புப் பலகையில் எழுத்தைவிடப் படம் பெரிதாக இருக்கட்டும்.

ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் நான்கு வேலைகளுக்கு ஆள் குறியுங்கள், லீவு போட்டால் மாற்று ஆளையும் சேர்த்து. மெயின் சுவிட்சையும் கேஸையும் அணைப்பவர். போன் செய்பவர். கழிவறை, பரண், ஸ்டோர் ரூம் வரை பார்த்துக்கொண்டே கடைசியாக வெளியே வருபவர். வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் வெளியே ஆளைக் கணக்கெடுப்பவர். கர்ப்பிணி, கால் முடியாதவர், காது கேட்காதவர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் துணையாக ஒருவர். காலை ஆறு மணிக்குக் கூட்ட வரும் அக்காவையும் ராத்திரி வாட்ச்மேனையும் விட்டுவிடாதீர்கள். கட்டிடத்தில் தனியாக இருக்கும் நேரம் அவர்களுக்குத்தான் அதிகம், ஆனால் பயிற்சி என்று கூப்பிடும்போது அவர்களை யாரும் நினைப்பதில்லை.

கூடுமிடம் சாலைக்கு அந்தப் பக்கமோ காலி மனையோ எதுவாகவும் இருக்கலாம், தீயணைப்பு வண்டி வரும் வழியில் மட்டும் இருக்கக் கூடாது. ரசாயன ஆலைக்குள்ளோ அதன் அருகிலோ இருப்பவர்கள் இரண்டு கூடுமிடங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். 2021 மே 13 அன்று கடலூர் சிப்காட்டில் பூச்சிக்கொல்லி மருந்து ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நெருப்பைவிட வேகமாக வருவது நச்சுக்காற்று. நம் கரையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், காலையில் பெரும்பாலும் நிலக்காற்று. கொடியையோ மரக்கிளையையோ பார்த்து, காற்று வரும் திசையிலுள்ள கூடுமிடத்துக்குப் போங்கள். புகைக்குள் புகுந்து போக வேண்டியிருந்தால் காற்றுக்குக் குறுக்காக விலகுங்கள்.

தீயணைப்பு நிலையத்துக்கு 101. 112 என்ற பொது எண்ணும் உண்டு. ஆம்புலன்ஸுக்கு 108. கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி போன்ற புதுச்சேரி எல்லையோர இடங்களில் இருப்பவர்கள், செல்போன் அழைப்பு அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விட்டாலும் தடுமாறாமல் இருக்க, பக்கத்து நிலையத்தின் நேரடி எண்ணையும் எழுதி ஒட்டி வையுங்கள். பேசும்போது சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுதி போனுக்கு மேல் ஒட்டலாம்: இடத்தின் பெயர், தெரு, பெரிய அடையாளம், என்ன எரிகிறது, உள்ளே யாராவது மாட்டியிருக்கிறார்களா, திரும்ப அழைக்க எண். அவர்கள் வைக்கும்வரை போனை வைக்காதீர்கள். ஒருவர் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழிகாட்ட வேண்டும். திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருச் சந்துகளில் இது இல்லாவிட்டால் வண்டி வாசலைக் கண்டுபிடிக்கவே நேரமாகும்.

ஐந்தாம் நாள்: ஒத்திகை

முதல் ஒத்திகையைச் சொல்லிவிட்டே நடத்துங்கள். மணி அடித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நடக்க வேண்டும், ஓட வேண்டாம், லிஃப்ட் வேண்டாம், கைப்பைக்காகவும் செருப்புக்காகவும் திரும்ப வேண்டாம். எத்தனை நிமிடத்தில் எல்லோரும் வெளியே வந்தார்கள், எங்கே நெரிசல், யார் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். கூட்டிக் கழித்தால் ஒருவர் குறைவார், பெரும்பாலும் கழிவறையில் இருப்பார். இரண்டாவது ஒத்திகையில் முன்வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு "இங்கேதான் தீ" என்று அடைத்துவிடுங்கள். அப்போதுதான் பின்கதவு உண்மையிலேயே திறக்கிறதா என்று தெரியும்.

புகையில் குனிந்து போவதைச் செய்து காட்டுங்கள். சூடான புகை மேலே போகும், தரைக்கு ஒன்றிரண்டு அடி உயரத்தில் மூச்சு விடக் கொஞ்சம் நல்ல காற்று இருக்கும். தீ விபத்துகளில் பெரும்பாலோர் வெந்து சாவதற்கு முன்பே புகையால் மயங்கி விழுகிறார்கள். கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் வேறு வழி. உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தரையில் உருள வேண்டும். பாலியஸ்டர் புடவையும் துப்பட்டாவும் வேகமாகப் பற்றும் என்பதால் அடுப்படியிலும் வறுக்கும் இடத்திலும் பருத்தி உடை அணியச் சொல்லுங்கள்.

தீப்புண்ணுக்கு ஓடும் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். ஐஸ் வேண்டாம், இங்க், டூத்பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். மோதிரம், வளையலை வீங்குவதற்குள் கழற்றுங்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்குக் கடிதம் கொடுத்துச் செயல்விளக்கம் கேளுங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகக் கப்பல் வெடிப்பில் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக அது கடைப்பிடிக்கப்படுகிறது. உண்மைத் தீயைத் தட்டில் வைத்து அணைக்க ஒவ்வொருவரும் ஒரு தடவை பின்னை இழுத்துப் பார்த்துவிட்டால், தீயணைப்பானைத் தொடும் பயம் அடுத்த தடவை இருக்காது. பெண் தொழிலாளர்கள் பின்வரிசையில் ஒதுங்கி நிற்பார்கள், அவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

பிறகு வரும் நாட்கள்

ஒரு பதிவேடு போடுங்கள். ஒத்திகை நடந்த தேதி, தீயணைப்பான் பார்த்த தேதி, எலக்ட்ரீஷியன் வந்த தேதி. புதிதாக வேலைக்குச் சேருபவருக்கு முதல் நாள் காலையில், வேலையைக் காட்டுவதற்கு முன்னால், இரண்டு வாசலையும் மணியையும் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

ஐப்பசி பிறப்பதற்குள் ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலையும், 2015 வெள்ளத்தையும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலையும் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். புயலுக்குப் பின் பல நாள் ஜெனரேட்டரிலும் மெழுகுவத்தியிலும் ஓட்டியிருக்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் சூடான ஜெனரேட்டரில் டீசல் ஊற்றாதீர்கள், அதைக் கட்டிடத்துக்குள் வைத்து ஓட்டாதீர்கள். தண்ணீர் புகுந்த சுவிட்ச் போர்டை வெயிலில் காய்ந்துவிட்டது என்று நம்பி மெயினைப் போடாதீர்கள், எலக்ட்ரீஷியன் சோதித்த பிறகுதான் மின்சாரம். தீபாவளி வாரத்தில் மொட்டை மாடியிலும் சன்ஷேடிலும் கிடக்கும் அட்டை, தார்ப்பாய், சாக்குகளை இறக்கிவிட்டு, ராக்கெட் வந்து விழ வாய்ப்புள்ள பக்கத்து ஜன்னல்களைச் சாத்துங்கள்.

கடைசியாக, பின்கதவு. உள்தாழ்ப்பாளுக்கு மாறும்வரை சாவியை ஒரு கண்ணாடிப் பெட்டியில் போட்டுக் கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டி, உடைக்க ஒரு சின்னச் சுத்தியலையும் கட்டித் தொங்கவிடுங்கள். வாரா வாரம் திங்கட்கிழமை காலையில் அந்தக் கதவை நீங்களே ஒருமுறை திறந்து, வெளியே இறங்கி நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.